ரெண்டு படத்தை மார்ஃப் பண்றது: திரும்பத் திரும்ப என்கிட்ட கேக்குற கேள்விகள்

என் அக்கா பையன் போட்டோ அவன் தாத்தா போட்டோவா மாறுற மாதிரி மூணு செகண்ட் வீடியோ ஒண்ணு பண்ணி சொந்தக்காரங்களுக்கு அனுப்புனேன், அவ்ளோதான், அன்னைல இருந்து ஆளாளுக்கு எப்படி பண்ணுனன்னு கேக்குறாங்க, தானே ட்ரை பண்ணி சொதப்பிட்டு என்ன தப்புன்னும் கேக்குறாங்க. எல்லாருக்கும் தனித்தனியா டைப் பண்ணி முடியல. கேட்டவங்க கேட்ட மாதிரியே கேள்விய போட்டு கீழ பதில் எழுதிருக்கேன். மேல இருந்து வரிசையா படிச்சா நல்லது, பின்னாடி வர்ற பதில்ல முன்னாடி சொன்னதை திரும்ப சொல்லல.

மார்ஃபிங்னா ஒருத்தர் தலைய வெட்டி இன்னொருத்தர் உடம்புல ஒட்டுறது தானே? நியூஸ்ல அப்படித்தான சொல்றாங்க?

நியூஸ்ல அந்த அர்த்தத்துல தான் ஓடுது, ஆனா அது வெட்டி ஒட்டுற வேலை, அதுக்கு வேற பேரு வச்சிருக்கலாம். உண்மையான மார்ஃபிங்னா ஒரு படம் கொஞ்சம் கொஞ்சமா உருவம் மாறி இன்னொரு படமா ஆகுறது. மூக்கு நகர்ந்து அந்த மூக்கா ஆகும், தாடை விரிஞ்சு அந்த தாடையா ஆகும், கலரும் கூடவே மாறும். இங்க நான் பேசுறது இதைப் பத்தி மட்டும் தான்.

ஒரு படம் மங்கி இன்னொரு படம் வர்ற எஃபெக்ட் எல்லா வீடியோ எடிட்டர்லயும் இருக்கே, அதுக்கும் இதுக்கும் என்ன வித்தியாசம்?

அது டிசால்வ். அதுல எதுவும் நகராது, கலர் மட்டும் கலக்கும். முதல் படத்துல கண்ணோட ஓரம் இடமிருந்து 120, மேலருந்து 200 பிக்சல்ல இருக்கு, ரெண்டாவது படத்துல அதே கண் ஓரம் 160, 180ல இருக்குன்னு வச்சுக்கோங்க. டிசால்வ் பண்ணா பாதி வழில ரெண்டு இடத்துலயும் பாதி மங்கலா ஒவ்வொரு கண் தெரியும், மொத்தத்துல நாலு கண்ணு உள்ள முகம்.

மார்ஃப்ல முதல்ல ரெண்டு படத்தையும் வளைக்கணும், அப்புறம் தான் கலக்கணும். 25 சதவீதம் மாறுன ஃப்ரேம்ல (வீடியோல அடுத்தடுத்து வர்ற ஒவ்வொரு தனிப் படமும் ஒரு ஃப்ரேம்) கண் ஓரம் 130, 195ல இருக்கணும், அதாவது முதல் படத்தை அந்த பக்கமா கால்வாசி தூரம் இழுக்கணும், ரெண்டாவது படத்தை இந்த பக்கமா முக்கால்வாசி தூரம் இழுக்கணும், ரெண்டும் ஒரே இடத்துல வந்து உக்காந்ததும் முதல் படத்து கலர் 75 பங்கு, ரெண்டாவது 25 பங்குன்னு கலக்கணும். அந்த இடத்துல சிவப்பு அளவு (0லேருந்து 255 வரைக்கும் போகும்) முதல் படத்துல 200, ரெண்டாவதுல 100 இருந்தா வர்றது 175. ஒவ்வொரு ஃப்ரேமுக்கும் இதே கணக்கு தான், சதவீதம் மட்டும் மாறும். இதுல பாதிய, அதாவது ரெண்டாவது படத்தையும் வளைக்கணும்ங்கறதை, நிறைய பேர் மறந்துடுறாங்க.

இதெல்லாம் ஏஐ வந்தப்புறம் வந்தது தானே?

இல்லைங்க, இது ரொம்ப பழசு. 1988ல வந்த வில்லோங்கற ஹாலிவுட் படத்துல ஒரு ஆடு நெருப்புக்கோழி, ஆமை, புலின்னு மாறி கடைசில பெண்ணா ஆகும், அதை படத்து மேல ஒரு வலை மாதிரி கட்டம் போட்டு கட்டத்தை இழுத்து வளைச்சு பண்ணாங்க. 1991ல மைக்கேல் ஜாக்சனோட பிளாக் ஆர் ஒயிட் வீடியோ முடிவுல ஒருத்தர் முகம் அடுத்தவர் முகமா மாறிக்கிட்டே போகும்ல, அது கட்டம் இல்ல, கோடு போட்டு பண்ணது, அந்த முறைய பெய்யர், நீலின்னு ரெண்டு பேர் 1992ல கட்டுரையா வெளியிட்டாங்க. இன்னைக்கு இதை உங்க லேப்டாப் சில நொடில பண்ணிடும்.

எந்த சாஃப்ட்வேர் நல்லது? காசு குடுத்து வாங்கணுமா?

இந்த கேள்விய தான் எல்லாரும் முதல்ல கேக்குறாங்க, எனக்கு இதுல தான் அக்கறையே இல்ல. புள்ளி வைக்க விடுற எந்த சாஃப்ட்வேரும் போதும். புள்ளின்னா, இந்த படத்து கண் ஓரம் அந்த படத்து கண் ஓரத்துக்கு ஜோடின்னு ரெண்டு படத்துலயும் நீங்க வைக்கிற குறி. ஃபான்டாமார்ஃப் மாதிரி இதுக்குன்னே இருக்குறது இருக்கு, கோட் (ப்ரோகிராம்) எழுதத் தெரிஞ்சா பைத்தான்ல ஓப்பன்சிவிங்கற பட வேலைக்கான கோட் தொகுப்பை வச்சு நூறு வரிக்குள்ள முடிச்சிடலாம், அது இலவசம். நல்ல மார்ஃபுக்கும் கேவலமான மார்ஃபுக்கும் வித்தியாசம் நீங்க வச்ச புள்ளில தான் இருக்கு. காசு குடுத்து வாங்குன சாஃப்ட்வேர்ல ஆறே புள்ளி வச்சுட்டு சரியா வரலன்னு சொல்றவங்கள பாத்துருக்கேன்.

எத்தனை புள்ளி வைக்கணும், எங்கெங்க வைக்கணும்?

முகத்துக்கு 60, 70 புள்ளி நல்ல அளவு. முகத்துல புள்ளிய தானா கண்டுபிடிக்கிற டிலிப்னு ஒரு கோட் தொகுப்புல பிரபலமான மாடல் 68 புள்ளி குடுக்கும், மீடியாபைப்னு இன்னொண்ணு 468 குடுக்கும். ஆனா ஒரு விஷயம், அந்த 68 புள்ளி தாடைல ஆரம்பிச்சு புருவத்தோட நின்னுடும், நெத்தி, முடி, காது, கழுத்து எதுலயும் புள்ளி இருக்காது. அதை அப்படியே விட்டா முகம் அழகா மாறும், தலைமுடி மட்டும் டிசால்வ் ஆகும், பாக்க விக் மாட்டி கழட்டுற மாதிரி இருக்கும். முடி ஓரமா ஒரு பத்து பன்னெண்டு, ரெண்டு காதுக்கும் மூணு மூணு, கழுத்து தோள்ல சேருற இடம், சட்டை காலர், இதெல்லாம் கையால வைங்க.

படத்தோட நாலு மூலை, நாலு ஓரத்தோட நடு, இந்த எட்டும் கட்டாயம், இல்லன்னா படத்தோட விளிம்பு எதுலயும் சேராம போயிடும். புள்ளி வைக்கிறதுக்கு முன்னாடி ரெண்டு படத்தையும் ஒரே சைஸ் ஆக்கி, ரெண்டு கண்ணும் கிட்டத்தட்ட ஒரே இடத்துல வர்ற மாதிரி திருப்பி வெட்டிக்கோங்க. நகர வேண்டிய தூரம் குறைய குறைய தப்பும் குறையும்.

சாஃப்ட்வேர் புள்ளியெல்லாம் இணைச்சு முக்கோணம் முக்கோணமா போடுதே, அது எதுக்கு?

புள்ளி இருக்குற இடம் எங்க போகணும்னு நீங்க சொல்லிட்டீங்க, ரெண்டு புள்ளிக்கு நடுவுல இருக்குற கன்னம் எங்க போகணும்? அதுக்கு தான் முக்கோணம். மூணு மூலை எங்க போகுதுன்னு தெரிஞ்சா உள்ள இருக்குற அத்தனை பிக்சலும் எங்க போகும்ங்கறது ஒரே ஒரு விதமா முடிவாயிடும், குழப்பமே இல்ல. எப்படி பிரிக்கிறதுன்னு தெலோனேங்கற கணித அறிஞர் 1934ல சொன்ன முறை தான் இன்னும் ஓடுது, ரொம்ப ஒல்லியா ஊசி மாதிரி முக்கோணம் வராம முடிஞ்ச வரைக்கும் கொழுக்குன்னு முக்கோணமா பிரிக்கும்.

கோட் எழுதுறவங்க இதை கவனிங்க. முக்கோணத்தை ஒரே ஒரு தடவை பிரிங்க, ரெண்டு படத்து புள்ளியோட சராசரில. எந்த புள்ளி எதோட சேருதுன்னு அந்த லிஸ்ட்டையே எல்லா ஃப்ரேமுக்கும் வச்சுக்கோங்க. ஒவ்வொரு ஃப்ரேம்லயும் புதுசா பிரிச்சா நடுவுல திடீர்னு ஒரு முக்கோணம் வேற பக்கம் சேர்ந்துக்கும், வீடியோல கன்னம் டக்குனு துடிக்கும். இந்த துடிப்பு எதனாலன்னு புரியாம நான் ரெண்டு நாள் உக்காந்துருக்கேன்.

கோட் எழுதி ட்ரை பண்ணேன், முகம் பூரா கருப்பு கருப்பா ஓட்டை விழுது. ஏன்?

பழைய படத்துல ஒவ்வொரு பிக்சலா எடுத்து புது இடத்துல கொண்டு போய் வைக்கிறீங்க, அதான். படம் விரியுற இடத்துல 10 பிக்சல் 14 பிக்சல் இடத்துல போய் உக்காரணும், மிச்ச நாலு இடம் காலியா இருக்கும், அது தான் ஓட்டை. திருப்பி யோசிங்க. புது ஃப்ரேம்ல ஒவ்வொரு பிக்சலா நின்னு "நான் பழைய படத்துல எங்கேருந்து வரணும்"னு கேளுங்க. பதில் 87.3, 140.6ன்னு தசமத்துல வரும், பரவால்ல, சுத்தி இருக்குற நாலு பிக்சலோட கலரை தூரத்துக்கு ஏத்த மாதிரி கலந்து எடுத்துக்கோங்க. ஒரு பிக்சல் கூட காலியா இருக்காது.

முதல் ஃப்ரேமும் கடைசி ஃப்ரேமும் சூப்பர், நடுவுல மட்டும் ஒரே காது ரெட்டையா, மங்கலா நிழல் மாதிரி தெரியுது

அந்த இடத்துல புள்ளி இல்ல, இல்ல தப்பான இடத்துல இருக்கு. 50 சதவீத ஃப்ரேமை மட்டும் தனியா எடுத்து பெருசாக்கி பாருங்க, எங்க ரெட்டையா தெரியுதோ அங்க புள்ளி சேருங்க, மறுபடி 50 சதவீதத்தை பாருங்க. முழு வீடியோவ திரும்ப திரும்ப போட்டு பாக்குறது வேஸ்ட், நடு ஃப்ரேம் சரியா வந்தா பெரும்பாலும் மத்ததும் சரியா வரும்.

சிலது புள்ளியால தீராது. ஒருத்தர் கண்ணாடி போட்டிருக்கார் இன்னொருத்தர் போடல, ஒருத்தருக்கு தாடி இருக்கு இன்னொருத்தருக்கு இல்ல, அங்க மங்கி வர்றதை தவிர வழி இல்ல, அது இயற்கையாவும் தெரியும். பேக்ரவுண்டு தொல்லை குடுத்தா ஆளை மட்டும் வெட்டி எடுத்து மார்ஃப் பண்ணிட்டு, பேக்ரவுண்டை தனியா டிசால்வ் விட்டு கடைசில ஒண்ணு மேல ஒண்ணு வச்சுக்கோங்க.

ஒருத்தர் பல்லு தெரிய சிரிக்கிறார், இன்னொருத்தர் வாய மூடிட்டு இருக்கார், நடுவுல உதட்டு மேல பல்லு தெரியுது, பயமா இருக்கு

இது எனக்கும் நடந்தது, தாத்தா எந்த போட்டோலயும் சிரிச்சதே இல்ல, பையன் எல்லா போட்டோலயும் ஈன்னு இளிக்கிறான். உதட்டோட வெளி ஓரத்துல மட்டும் புள்ளி வச்சா இப்படித்தான் ஆகும். உள் ஓரத்துலயும் வைக்கணும், மேல் உதட்டோட கீழ் விளிம்பு, கீழ் உதட்டோட மேல் விளிம்பு. மூடுன வாய்ல இந்த ரெண்டும் ஒரே கோட்டுல வரும், ஆனா ஒண்ணு மேல ஒண்ணா வைக்காதீங்க, அப்போ பல்லு இருக்குற முக்கோணத்துக்கு பரப்பளவே இல்லாம போய் கணக்கு உடைஞ்சிடும். ஒரு பிக்சல், ரெண்டு பிக்சல் இடைவெளி விடுங்க. பல்லெல்லாம் அந்த ரெண்டு பிக்சலுக்குள்ள சுருங்கி மறைஞ்சிடும், வாய் மூடுற மாதிரியே இருக்கும்.

முகம் அப்படியே உள்வெளியா முறுக்கி திரும்புது, என்ன கொடுமை இது?

முதல்ல இடது வலது பாருங்க. நீங்க பாக்குறப்ப இடது பக்கம் இருக்குற கண்ணு அந்த ஆளுக்கு வலது கண்ணு. ஒரு படத்துல உங்க இடதுன்னும் இன்னொண்ணுல அவர் இடதுன்னும் நம்பர் போட்டுட்டா ஒரு கண்ணு மூக்கை தாண்டி அந்த பக்கம் போகும்.

அது சரியா இருந்தும் முறுக்குனா ஏதோ ஒரு முக்கோணம் கவுந்துருக்கு, ஒரு புள்ளி பக்கத்து கோட்டை தாண்டி போயிடுச்சு. கோட் எழுதுறவங்களுக்கு கண்டுபிடிக்க ஈஸி, மூணு மூலைய வரிசை மாறாம எடுத்து பரப்பளவு கணக்கு பண்ணுங்க, எந்த முக்கோணத்துக்கு ஒரு படத்துல பிளஸ்ஸும் இன்னொண்ணுல மைனஸும் வருதோ அது தான் குற்றவாளி.

முக்கோணத்தை விட கோடு போடுற முறை நல்லதா?

மேல சொன்ன 1992 முறை. புள்ளிக்கு பதிலா புருவத்து மேல ஒரு கோடு, மூக்கு மேல ஒரு கோடு, தாடை ஓரமா நாலு கோடுன்னு ரெண்டு படத்துலயும் ஜோடி ஜோடியா போடணும். ஒவ்வொரு பிக்சலும் எல்லா கோட்டோட பேச்சையும் கேக்கும், கிட்ட இருக்குற கோட்டுக்கு மதிப்பு ஜாஸ்தி, தூரத்துல இருக்குறதுக்கு கம்மி. முக்கோணத்துல சில சமயம் விளிம்புல மடிப்பு மாதிரி தெரியும், இதுல தெரியாது, வளைவு மொழுமொழுன்னு வரும். ஆனா கோடு எல்லாமே எல்லா பிக்சலையும் இழுக்குறதால தாடைய சரி பண்ணப் போனா காது நகரும், எதிர்பாக்காத இடத்துல நெளியும், கணக்கும் மெதுவா ஓடும். முகத்துக்கு எனக்கு முக்கோணம் தான் பிடிக்கும், புலி, குதிரை மாதிரி ஓரங்கள் நீளமா இருக்குற உருவத்துக்கு கோடு.

நடு ஃப்ரேம் எல்லாம் கொஞ்சம் இருட்டா டல்லா தெரியுதே?

நல்ல கண்ணு உங்களுக்கு. ஃபைல்ல இருக்குற 0 முதல் 255 வரைக்கும் உள்ள நம்பர் வெளிச்சத்தோட நேர் அளவு கிடையாது. கருப்பு 0, வெள்ளை 255, ரெண்டையும் பாதி பாதி கலந்தா 128 வருது, ஆனா 128ங்கறது வெள்ளையோட வெளிச்சத்துல கிட்டத்தட்ட அஞ்சுல ஒரு பங்கு தான். உண்மையிலேயே பாதி வெளிச்சம் வேணும்னா 188 வரணும். அதனால கலக்குறதுக்கு முன்னாடி நம்பரை வெளிச்ச அளவுக்கு மாத்தி, கலந்து, திருப்பி மாத்தணும், காமா சரி பண்றதுன்னு சொல்வாங்க. ரெண்டு முகமும் ஒரே மாதிரி வெளிச்சத்துல இருந்தா பெரிய வித்தியாசம் தெரியாது.

எத்தனை ஃப்ரேம் போடணும்? என்னோடது ரோபோ மாதிரி டக்குனு ஆரம்பிச்சு டக்குனு நிக்குது

செகண்டுக்கு 25 ஃப்ரேம்னா ரெண்டு மூணு செகண்ட், அதாவது 50லேருந்து 75 ஃப்ரேம். ரோபோ மாதிரி தெரியுறதுக்கு காரணம் சதவீதம் ஒரே வேகத்துல ஏறுது. மெதுவா ஆரம்பிச்சு நடுவுல வேகமாகி மெதுவா முடியணும், 0லேருந்து 1 வரைக்கும் போற அளவோட வர்க்கத்தை 3ஆல பெருக்கி, அதே அளவோட கனத்தை (மூணு தடவை பெருக்குனதை) 2ஆல பெருக்கி அதுலேருந்து கழிச்சா அந்த வளைவு வந்துடும். ரெண்டு பக்கமும் அசையாத படத்தை அரை செகண்ட் நிறுத்துங்க.

இதுல ஒரு விளையாட்டும் இருக்கு. உருவத்துக்கு ஒரு வேகம், கலருக்கு ஒரு வேகம்னு தனித்தனியா வைக்கலாம், கண்ணு முதல்ல மாறி தாடை கடைசில மாறுற மாதிரி கூட பண்ணலாம். உருவத்தை கொஞ்சம் முன்னாடி விட்டு கலரை பின்னாடி விட்டு பாருங்க, முகம் தானே முடிவெடுத்து மாறுற மாதிரி இருக்கும்.

அப்புறம் ஃப்ரேமை பிஎன்ஜியா சேவ் பண்ணுங்க. வீடியோவா மாத்தும்போது எஃப்எஃப்எம்பெக் (ஃப்ரேமை வீடியோவாக்குற சாஃப்ட்வேர்) எரர் அடிச்சா அகலம், உயரம் ரெண்டும் இரட்டைப்படையான்னு பாருங்க. ஜிஃப் வேண்டாம், அதுல 256 கலர் தான், கன்னத்துல பட்டை பட்டையா விழும்.

கை நீட்டுன படத்துலேருந்து கை தூக்குன படத்துக்கு மார்ஃப் பண்ணேன், நடுவுல கை குட்டையாகுது

ஏன்னா புள்ளி நேர்கோட்டுல போகுது, கை வட்டத்துல சுத்தணும். 100 பிக்சல் நீள கை 90 டிகிரி திரும்பும்போது விரல் நுனி நேர்கோட்டுல குறுக்க போனா பாதி வழில கை நீளம் 71 பிக்சல் தான். 180 டிகிரி திரும்புனா பாதி வழில நீளம் 0, கையே காணாம போகும். தோளை நடுவுல வச்சு கோணத்தையும் நீளத்தையும் தனித்தனியா மாத்துனா சரியாயிடும்.

தலை திரும்புற படத்துக்கும் இதே வியாதி தான், நேரா பாக்குற முகத்தை பக்கவாட்டு முகமா மாத்துனா நடுவுல முகம் நசுங்கும். ஒரே பொருளை ரெண்டு கோணத்துல எடுத்த படமா இருந்தா அதுக்கு 1996ல செய்ட்ஸ், டையர்னு ரெண்டு பேர் வழி சொன்னாங்க. முதல்ல ரெண்டு படத்தையும் கேமரா ஒரே திசைல பாத்த மாதிரி திருத்தணும், அப்புறம் சாதா மார்ஃப், கடைசில திருப்பி வளைக்கணும், அப்போ நடுவுல இருக்குற எல்லா ஃப்ரேமும் நிஜ கேமரா எடுத்த மாதிரியே வரும். ரொம்ப அதிகமா திரும்பி ஒரு காது ஒரு படத்துல தெரியவே இல்லன்னா இதுவும் கை குடுக்காது, வேற போட்டோ தேடுறது தான் மேல்.

நாலஞ்சு பேரை சேர்த்து ஒரே முகம் ஆக்க முடியுமா?

முடியும், எல்லார் புள்ளியோட சராசரிய எடுத்து, எல்லாரையும் அந்த உருவத்துக்கு வளைச்சு, கலரை சமமா கலங்க. கால்டன்னு ஒரு இங்கிலாந்து விஞ்ஞானி 1870கள்லயே பல பேர் முகத்தை ஒரே போட்டோ தகடு மேல ஒண்ணு மேல ஒண்ணா விழ வச்சு இதை பண்ணாரு, அவரால வளைக்க முடியாது, ஒத்து வர்ற மாதிரி வைக்க மட்டும் தான் முடியும், அதனால ஓரமெல்லாம் மங்கலா இருக்கும். நாம பண்ணா கூர்மையா வரும். சுருக்கம், மச்சம் எல்லாம் சராசரில கரைஞ்சு போறதால வர்ற முகம் எல்லாரையும் விட வழவழன்னு அழகா தெரியும், யாரும் சண்டைக்கு வராம பாத்துக்கோங்க.

ஏஐ கிட்ட ரெண்டு போட்டோவ குடுத்தா அதுவே பண்ணிடுதே, இவ்ளோ கஷ்டம் எதுக்கு?

பண்ணும், ஆனா அது வேற வேலை. 2018 கடைசில வந்த, முகத்தை உருவாக்குற ஸ்டைல்கேன் மாதிரி ஏஐ மாடல்ல ஒரு முகம்ங்கறது 512 நம்பர். ரெண்டு முகத்தோட நம்பருக்கு நடுவுல நடந்தா ஒவ்வொரு ஃப்ரேமும் ஒரு முழு முகமா வரும், ரெட்டை காது பிரச்சினையே இல்ல. ஆனா உங்க போட்டோவுக்கு சரியான நம்பரை அது தேடிப் பிடிக்கணும், அதுல தான் ஆள் மாறுவார். தாத்தா நெத்தில இருக்குற தழும்பு காணாம போச்சுன்னா எனக்கு அது தாத்தா இல்ல. புள்ளி வச்சு பண்ணா முதல் ஃப்ரேமும் கடைசி ஃப்ரேமும் அச்சு அசல் உங்க போட்டோ தான்.

டிஃப்யூஷன் மாடல்ல (நாய்ஸ்னு சொல்ற தாறுமாறான புள்ளிக் குவியல்லேருந்து படத்தை உருவாக்குற ஏஐ) நீங்களே பண்றதா இருந்தா ஒரு எச்சரிக்கை. ஆரம்பிக்கிற நாய்ஸ் ரெண்டையும் நேரா பாதி பாதி கூட்டாதீங்க, மேல கை குட்டையாச்சுல்ல, அதே கணக்கு தான் இங்கயும், நாய்ஸோட பலம் 71 சதவீதமா குறைஞ்சு படம் வெளுத்து மொழுக்குன்னு வரும். இங்கயும் வட்டத்துல தான் சுத்தணும்.

ரெண்டு பேர் முகத்தை மார்ஃப் பண்ணி பாஸ்போர்ட்டுக்கு குடுத்தா மிஷின் ரெண்டு பேரையும் விடுமாமே, நிஜமா?

நிஜம் தான், 2014ல இத்தாலில ஃபெராரா, ஃப்ராங்கோ, மால்டோனின்னு மூணு பேர் இதை செஞ்சு காட்டி கட்டுரை எழுதுனாங்க, நடு முகத்தை முகம் அடையாளம் பாக்குற சாஃப்ட்வேர் ரெண்டு பேராவும் ஏத்துக்குச்சு. அது ஆள்மாறாட்டம், பண்ணா ஜெயில். இப்போ அந்த படங்களை கண்டுபிடிக்கிறதே தனி ஆராய்ச்சியா ஓடுது, கண்மணி ஓரம், மூக்கு துவாரம், முடி ஓரம்னு அவங்க தேடுற இடமெல்லாம் நான் மேல "ரெட்டையா தெரியுதான்னு பாருங்க"ன்னு சொன்ன அதே இடம் தான்.

முகமும் மரமும் மார்ஃப் பண்ணலாமா? மரத்துல மூக்கு எங்க இருக்கு?

பண்ணலாம், இங்க தான் உங்க கற்பனை. உள்ள எதையும் பொருத்தாதீங்க, வெளி ஓரத்தை மட்டும் பொருத்துங்க. கழுத்து அடிமரம், தலைமுடி இலைக்கூட்டம், தாடை ஓரம் கீழ் கிளைன்னு. வெளி ஓரத்துக்கு மட்டும் 40 புள்ளி வைங்க, உள்ள மூணு நாலு போதும், மரப்பட்டைல ஒரு பொந்து இருந்தா அதுல ஒரு கண்ணை வைங்க. ஒரே பேக்ரவுண்டுல, வெளிச்சம் ஒரே பக்கத்துல இருந்து விழுற மாதிரி ரெண்டு போட்டோ எடுத்துட்டு வந்தா பாதி வேலை அங்கயே முடிஞ்சிடும்.